சொர்ணம்மாள் விட்ட விரால்

சொர்ணம்மாளின் பர்மியப் பேச்சில் ஒரே ஒரு குறைதான் உண்டு. மற்றபடி சந்தையில் பேரம் பேசுவதென்ன, பஸ் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பதென்ன, அந்த நாட்டுக்காரிகளே அவளிடம் தோற்றுப் போவார்கள். ஆனால் மூச்சைச் சேர்த்து 'ஹ்ல' என்று சொல்லவேண்டிய இடத்தில் அவள் வாயில் வெறும் 'ல'தான் வரும். யாங்கோனுக்கு வடக்கே மாவ்பி பக்கத்தில் ஒரு தமிழ்க் குடியானவர் வீட்டில் பிறந்து, ஏழு வயதுவரை தமிழ் மட்டுமே பேசிய நாக்கு. நாற்பத்தாறு வயதில் அதை யார் போய்த் திருத்துவது? அந்தக் குறை ஒருநாள் தன் பிழைப்பிலேயே கைவைக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

யாங்கோன் புறநகரான ஷ்வேப்யிதாவில் ஒரு ரப்பர் செருப்புப் பட்டறையில் அவளுக்கு வேலை. பதினோரு வருஷம் சூட்டு அச்சின் முன்னால் நின்று அந்தப் புகையைக் குடித்ததில் இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. வேறு வேலை தேடிக்கொள் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. சொல்ல அவருக்கென்ன, வேலை மரத்திலா காய்க்கிறது?

ஞாயிற்றுக்கிழமையானால் அவளை வீட்டில் பார்க்க முடியாது. புருஷன் செல்லையா டாலா கப்பல் பட்டறையில் வெல்டர். வெளிநாட்டு மாலுமி ஒருவன் கழித்துக் கட்டிய தூண்டில் கோலையும் ரீலையும் அவன்தான் கொண்டுவந்து போட்டான். இரண்டு ஞாயிறு முயன்று பார்த்து, நூலைச் சிக்கலாக்கி, திட்டித் தீர்த்துவிட்டு மூலையில் வைத்தான். சொர்ணம்மாள் எடுத்தாள். அதற்கப்புறம் அவன் அதைத் தொடவே அவள் விடவில்லை.

பட்டறையில் கழிந்த மெத்தென்ற ரப்பர்த் துண்டுகளைத் தேங்காயெண்ணெயில் வாரக்கணக்கில் ஊறப்போடுவாள். உப்பி இளகியதும் பிளேடால் புழு மாதிரி சீவி, வாலை மட்டும் தாள்போல மெலிதாக்குவாள். கொக்கி முனையை அதன் வயிற்றுக்குள்ளேயே ஒளித்துவிட்டால் பாசியில், தாமரைத் தண்டில், எதிலும் மாட்டாது. அவ்வளவு லேசான இரையை மொத்தமான நூலில் கட்டி வீச முடியாது. அதனால் நூலும் தலைமுடி கனம்தான். விரால் பல்லில் நூல் பட்டு அறுந்துவிடாமலிருக்கக் காம்பு நீண்ட கொக்கியாகத் தேடிப்பிடித்து வாங்குவாள்.

மாவ்பியில் ஊ தெய்ன் டானுக்கு ஒரு பெரிய குளம் இருந்தது. எழுபது வயதுப் பெரியவர், தினம் மூன்று வேளை புத்தரைக் கும்பிடுகிறவர், எல்லோரும் 'ஊலே', அதாவது மாமா, என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். இரண்டாயிரத்து நான்காம் வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யாங்கோனிலிருந்து காரில் வருகிறவர்கள் கட்டணம் கட்டித் தூண்டில் போடட்டும், பிடித்த மீனை உயிரோடு திரும்பக் குளத்திலேயே விட்டுவிடட்டும். அதைப் பார்த்துக்கொள்ள, இரை செய்துகொடுக்க, மீனை நோகாமல் கழற்றச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தன்னைத் தவிர யார் என்று சொர்ணம்மாள் நிம்மதியாக இருந்தாள். அந்தக் குளத்துப் பெரிய விராலை நாலு தடவை பிடித்து நாலு தடவையும் விட்டவள் அல்லவா? அதை அவரிடமே நேரில் சொல்லியும் இருந்தாள்.

வேலை சுலைமானுக்குப் போயிற்று. மாவ்பியில் டயர்க் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர்தான். ஆனால் கொடிக்கயிறு கனத்தில் நூலும் உயிருள்ள தவளையும்தான் அவர் தொழில். மறு ஞாயிறு குளக்கரையில் அவரே வந்து விஷயத்தைச் சொன்னார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா. ஊலே எங்கிட்ட குடுத்துட்டாரு."

"நீங்க பிடிச்ச மீனுல எதுண்ணே உசுரோட திரும்பிப் போயிருக்கு?"

"அது வாஸ்தவம். ஆனா நாலு தடவ மாட்டுன மீன நாலு தடவயும் தப்பவிட்டவகிட்ட எப்படிக் குடுக்கறதுங்கிறாரு."

"தப்பவிட்டேனா? நானாத்தான விட்டேன்."

"அவருகிட்ட என்னன்னு சொன்ன?"

"லுட்னு சொன்னேன்."

சுலைமான் தலையில் கைவைத்துக்கொண்டார். "லுட்டுன்னா மீனு தப்பிச்சு ஓடிருச்சுன்னு அர்த்தம். நாமளா விட்டா ஹ்லுட்."

"நானும் அதத்தாண்ணே சொல்றேன். லுட்."

சுலைமானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பாருங்கள், அந்த மனுஷர் அதோடு விடவில்லை. கையோடு அவளைப் பெரியவரிடம் அழைத்துப்போய், இவள் வாயில் இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கினார். ஊ தெய்ன் டான் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்றத நான் எத வெச்சு நம்புறது, மா சொர்ணம்? வர்ற ஞாயிறு என் முன்னால அந்தப் பெரிய விரால பிடிச்சு விடு. வேலை உனக்கு. இல்லேன்னா சுலைமானுக்கு."

"பிடிக்கிறேன் ஊலே," என்றாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஞாயிறு காலை பெரியவரும் சுலைமானும் கரைமேல் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். சொர்ணம்மாள் லுங்கியை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு நாணலுக்கு அந்தப்பக்கம் தண்ணீரில் இறங்கினாள். விரால் காற்றுக் குடிக்க மேலே வந்தே ஆகவேண்டும். அதற்குத்தான் அவள் காத்திருந்தாள். தாமரைக்கு நடுவில் ஒரு பெரிய குமிழி வெடித்தது. அதற்கு இரண்டு ஆள் நீளம் தள்ளிப் புழுவை வீசி, இலைமேல் ஏற்றி, மெல்ல நழுவவிட்டாள். விரால் புழுவைக் கவ்வியதில் தண்ணீர் உள்வாங்கியது. மூன்று எண்ணிவிட்டுக் கோலைத் தூக்கினாள்.

ரீல் அலறியது. அவள் இழுக்கவில்லை. ஓடு, எவ்வளவு ஓடுவாயோ ஓடு என்று நூலை விட்டுக்கொடுத்தாள். அது தாமரைத் தண்டுக்குள் திரும்பியபோதெல்லாம் கோலைச் சாய்த்து வெட்டவெளிக்குத் திருப்பினாள். முக்கால் மணி நேரம். இருமல் வந்து கண்ணில் நீர் முட்டியது, கைப்பிடி மட்டும் தளரவில்லை. கடைசியில் விரால் ஓய்ந்துபோய் அவள் முழங்காலருகே வந்து மிதந்தது, கறுத்த முதுகும் தொடை கனமுமாக. குனிந்து வயிற்றடியில் கையைக் கொடுத்தாள். அவள் விரல் படுவதற்குள் மீன் ஓர் உதறு உதறியது. கொக்கி கழன்றது. சேறு கலங்கியது, அவ்வளவுதான்.

"மா சொர்ணம், மீன் எங்க?" கொட்டகையிலிருந்து பெரியவர் குரல். நாணல் மறைத்ததில் அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

"லுட்," என்றாள்.

"விட்டுட்டாளாம் ஊலே," என்றார் சுலைமான் சந்தோஷமாக. பெரியவர் கைகளைக் கூப்பி, பிறர் செய்த புண்ணியத்தைக் கண்டு சொல்லும் 'சாது'வை மூன்று தடவை சொன்னார். பர்மிய நாக்கில் அது 'தாடு' ஆகிவிடும். "தாடு, தாடு, தாடு."

சொர்ணம்மாள் தண்ணீரிலேயே நின்றாள். அவள் பொய் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள், அவர்கள்தான் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். பேசாமல் கரையேறினால் வேலை அவளுக்கு, பட்டறைப் புகைக்கு ஒரு கும்பிடு. வாயை மூடிக்கொள்ளடி என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் செய்யாத புண்ணியத்துக்கு அந்தக் கிழவர் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்ததை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கொட்டகைக்குப் போனாள். "தாடு சொல்லாதீங்க ஊலே. நான் விடல. கொக்கி கழண்டு அதுவா ஓடிப்போச்சு."

சுலைமான் வாயைப் பிளந்தார். பெரியவர் கூப்பிய கையை இறக்கினார்.

"முன்ன அந்த நாலு தடவை?"

"அது நானா விட்டது."

"இன்னிக்கு மாதிரி இல்லியே?"

"இல்ல. கையில ஏந்தி, மூச்சு வாங்கவெச்சு விட்டது."

பெரியவர் முதலில் சுலைமானைப் பார்த்தார். "சுலைமான், உனக்கு டயர்க் கடை இருக்குல்ல?" என்றார். பிறகு சொர்ணம்மாள் பக்கம் திரும்பி, "அந்த நாலுக்கும் நான் இன்னும் தாடு சொல்லல," என்று மறுபடி கையைக் கூப்பினார். ஒவ்வொரு மீனுக்கும் மூன்று தடவையாக நிதானமாகச் சொல்லி முடித்தார்.

திங்கட்கிழமை சொர்ணம்மாள் பட்டறைக்குப் போகவில்லை.