கழுத்தோரத்தில் குறைந்த முடி

அன்று எங்கள் ஏரியாவான அடுகோடியில் உள்ள சலூனில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மனைவி, கடைக்காரத் தம்பி, சவரத்துக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர். வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பேன்.

நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்ததும் முடி முதுகில் விழுந்தது. பெரியவர் சிரித்தார். “இன்னாப்பா, வூட்ல விசேஷமா? இம்மா நீளம் வர்ற வரைக்கும் வயித்துல இருக்குதுன்னா, யானைக்குட்டியா?”

அவருக்குத் தெரியாது. மனைவி உண்டாகியிருந்தால் கணவன் முடி வெட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் அதற்காகத்தான் வளர்த்தேன். ஐந்தாம் மாதக் கடைசியில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதற்கப்புறமும் வெட்ட மனம் வரவில்லை. வெட்டினால் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடும் போல இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. லேத்துப் பட்டறையில் வேலை. முடி சிக்கினால் தலையே போய்விடும். தினமும் பயந்து பயந்து துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வேன்.

புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை என் மனைவிக்கு. “சும்மா எதுக்கு வச்சிருக்கீங்க? முடி கொட்டிப்போன பிள்ளைங்களுக்கு விக் செய்யக் கேக்குறாங்க, குடுத்துடுங்க” என்றாள். பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும், சாயம் கூடாது, ஈரம் கூடாது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். அவள் கொண்டுவந்த தாளை எழுத்துக்கூட்டி நாலு தடவை படித்தேன். எண்ணெய் வாடை அடித்தால் வீசிவிடுவார்களோ என்று வேறு கவலை.

ஆனால் பெரிய பயம் அதுவல்ல. ஐந்தாம் மாதத்தில் முதலாளி திட்டினார் என்று இதே சலூனுக்கு வந்து, பின்கழுத்தில் மட்டும் மெஷின் போட்டுக்கொண்டேன். பத்தாம் நாள் குழந்தை போயிற்று. இதை அவளிடம் சொன்னதே இல்லை. வேறு கடைக்குப் போகலாம் என்றதற்கு, “எப்பவும் இங்கதானே வெட்டுவீங்க?” என்று இழுத்து வந்துவிட்டாள்.

தம்பி முடியைப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு டேப்பால் அளந்தான். கழுத்தோரத்தில் கை நின்றது.

“இந்த எடம் மட்டும் கம்மியா இருக்கேண்ணா. ஓ, அன்னைக்கு நான்தானே மெஷின் வச்சேன்! ஓனர் கத்துறாருன்னு ஓடி வந்தீங்களே. அப்புறம் கடைப் பக்கமே வரல.”

“எப்போ?” என்றாள் அவள்.

நான் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல், “அஞ்சாம் மாசம்” என்றேன்.

பெரியவர் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். “அதே மாசம் தண்ணி லாரி வந்த அன்னைக்கு மாடிக்கு ரெண்டு கொடம் தூக்கினேன். நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல” என்றாள்.

அதைக் கேட்டு என் பாரம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அதுவரை கவலைப்பட எனக்கு ஒரு காரணம் இருந்தது, இப்போது இரண்டு. அவளுக்கும் இரண்டு.

“அளவு வந்தத மட்டும் எடுப்பா” என்றாள் தம்பியிடம்.

கத்தரி ஒரே வெட்டில் இறங்கவில்லை. மென்று மென்று அறுத்தது. அவிழாதபடி கட்டிய முடியை அவள் காகித உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். தலை லேசாகி, கழுத்தில் குளிர் ஏறியது.

நான் பணத்தை நீட்டினேன். தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “இப்ப வேணாண்ணா. இனி பொறக்கப்போற உங்க குழந்தைக்கு மொட்ட போடறப்போ நான்தான் வருவேன். அப்போ சேத்து வாங்கிக்கிறேன்.”

அவள் வெளியே போய் நின்றுகொண்டாள். கடன் வைத்தால் எனக்குச் சோறு இறங்காது. மறு வாரமும் அதற்கடுத்த மாதமும் போய் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. இன்னொரு குழந்தை என்ற பேச்சை அவளிடம் எடுக்க எனக்குத் தைரியமும் இல்லை. நூற்றைம்பது ரூபாய் இன்னும் பாக்கி.