மேடு ஏறிய கார்

பழைய ரிமோட் காரில் வலுவான மோட்டாரைப் பூட்டி ஓட்டியதும் சூடேறிய செம்புக்கம்பி வாசம் எழுந்தது. கூடவே, டயகமைத் தேயிலைத் தோட்டத்தில் இன்று இல்லாத எங்கள் லய வீட்டு வரிசையும் அதன் செங்குத்தான பாதையும் நினைவில் வந்துவிட்டன. தோட்டத்துத் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்த அம்மாவுக்கு அங்கே கொடுத்த இந்தக் காரை, லயத்தில் பக்கத்துக் காம்பிரா அறையில் குடியிருந்த செல்வி மேலிருந்து விடுவாள், அது இறங்கும், திரும்ப ஏறாது, கீழே நிற்கும் நான் மூச்சிரைக்கத் தூக்கி வருவேன், அதுதான் எங்கள் விளையாட்டு.

இன்று அது வீட்டு மேட்டைத் தானாகவே ஏறி என் காலடியில் நின்றது. சந்தோஷப்படுவதா, எதையோ கெடுத்துவிட்டேனா, விளங்கவில்லை. செல்வி எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. அவர்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு லொறியேறிய காலையில் காரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“நீயே வச்சுக்கடா. என்னைக்காவது மேடு ஏறுச்சுன்னா சொல்லி அனுப்பு, வந்து பாக்குறேன்.”