கரண்ட் போனா நிக்குமா?

போன வாரம் எங்கள் கம்பெனி மீட்டிங் ரூமில் ஒரு போன் கால். ஜெர்மனியிலிருந்து, எங்கள் டி-ஷர்ட்களை வாங்கும் பையர் அம்மா. இந்தப் பக்கம் மூன்று பேர் — முதலாளி, நான், செல்வராணி.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்துவிட்டு திருப்பூரில் புரொடக்‌ஷன் பிளானிங் பார்ப்பவள். செல்வராணி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சாம்பிள் செக்‌ஷனில் இருந்துகொண்டே தபாலில் பி.காம். முடித்தவள். பையர்களிடம் ஆர்டர் பேசும் எங்கள் மெர்ச்சண்டைசர் திடீரென்று வேலையை விட்டு நின்றதால், இப்போதைக்கு அந்த நாற்காலியில் அவள்.

"இந்தக் கால்ல நல்லாப் பேசிட்டீங்கன்னா சேர் உங்களுக்குத்தானுங்க கண்ணு. இல்லீன்னா மறுபடி சாம்பிளுக்கே போயிருங்க." முதலாளி மிரட்டினாலும் மரியாதையாகத்தான் மிரட்டுவார்.

அதனால் பத்து நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் எங்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ். செல்வராணிக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஒரே ஒரு வியாதி... எல்லா வினைச்சொல்லுக்கும் ஒரு 'இங்' மாட்டிவிடுவாள். 'ஐ ஆம் நோயிங்', 'வி ஆர் ஹேவிங்', 'பையர் இஸ் வாண்டிங்'.

புத்தகத்தில் இருப்பதைத்தான் முதலில் சொன்னேன். நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு 'இங்' வரும். அறிவது, விரும்புவது, சொந்தமாயிருப்பது, தேவைப்படுவது — இவையெல்லாம் வேலை அல்ல, நிலை. இவற்றுக்கு வராது. தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, "ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்க்கா" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

மாடியில் தையல் மிஷின்கள் ஒன்றாக நின்றன. எனக்குப் பிடி கிடைத்துவிட்டது.

"ராணி, கரண்ட் போச்சு. தையல் நின்னுச்சா?"

"நின்னுட்டுக்கா."

"அப்ப அதுக்கு 'இங்' போடு. மிஷின் யாரோடது?"

"முதலாளியோடது."

"கரண்ட் போனதும் அது நின்னுச்சா?"

சிரித்துவிட்டாள். "அது எப்படிக்கா நிக்கும்? இருட்டுலயும் அவருதுதான்."

"அப்ப அதுக்கு 'இங்' கிடையாது."

அன்றிலிருந்து எல்லாவற்றையும் கரண்டை நிறுத்திப் பார்த்துத்தான் பேசுவாள். "எங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும். கரண்ட் போனா நிக்குமா? நிக்காது. லைக்ஸ்!" ஒருநாள் என்னையே மடக்கினாள். "ஹேவிங் லஞ்ச்னு சொல்லுதாவளே, அது தப்பாக்கா?" தப்பில்லை. அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது, பாதியில் எழுந்துவிடலாம். சாப்பாடு வேலை. 'ஐ ஹேவ் எ பிரதர்' என்று தம்பி இருப்பது நிலை. தம்பியைப் பாதியில் விட்டு எழ முடியாது!

சரி, போன் காலுக்கு வருவோம்.

நிலவரம் இதுதான். டி-ஷர்ட் ஆர்டரில் நேவி ப்ளூ ஆகவேண்டிய துணி சாயப்பட்டறையில் கிடந்தது. சாயம் போட இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அன்று காலைதான் நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"எது கேட்டாலும் கோயிங் ஆன்னு சொல்லீருங்க கண்ணு" என்றார் முதலாளி. அவரைக் குறை சொல்ல முடியாது. திருப்பூரில் 'இன்னும் ஆரம்பிக்கல' என்று ஒரு பதிலே கிடையாது. கட்டிங் எப்படி? போயிட்டே இருக்குங்க. பேக்கிங்? போயிட்டே இருக்குங்க. பையனுக்குப் பொண்ணு பார்க்கறது? அதும் போயிட்டே இருக்குங்க! இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது இங்கே மரியாதைக் குறைவு. அதனால் ஊரே நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது... பேச்சில்.

ஸ்பீக்கரில் பையர் கேட்டார். நேவி டையிங் எந்த நிலையில் இருக்கிறது?

செல்வராணி வாயைத் திறந்தாள். மூடினாள். முதலாளி சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார், 'கோயிங் ஆன்'. அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

"வி டு நாட் ஹேவ் த நேவி ஃபேப்ரிக், மேடம்" என்றாள் நிதானமாக. "டையிங் ஹேஸ் நாட் ஸ்டார்ட்டட். வி நீட் ஒன் மோர் வீக்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

பையர் பேசினார். கோபமாகத்தான். இதை ஏன் போன வாரமே சொல்லவில்லை? வெள்ளை, சாம்பல் நிற டி-ஷர்ட்கள் தயாரா? "ரெடி, மேடம்." அப்படியானால் அவை இந்தக் கப்பலில் வரட்டும், நேவி அடுத்த கப்பலில். கடைசியாக ஒன்று சொன்னார். போன சீசனில் எல்லோரும் கோயிங் ஆன், கோயிங் ஆன் என்றார்கள், நானும் நம்பிக் கப்பலில் இடம் பிடித்தேன், துணிதான் வரவில்லை. இனி என்னிடம் இந்தப் பெண்ணே பேசட்டும்.

போனை வைத்ததும் முதலாளி செல்வராணியையே பார்த்தார்.

"ஏனுங்க கண்ணு, அத்தனை சொல்லியும் இப்படிச் சொல்லிப்போட்டீங்களே?"

"சொல்லத்தான் சார் நெனச்சேன். கரண்ட்ட நிறுத்திப் பாத்தேன். ஆரம்பிக்காத வேலை எப்படி சார் நிக்கும்? அதான் வாய் வரல." பிறகு கேன்டீன் கிளாஸ் கதையை முழுதாகச் சொன்னாள். முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் மறுபடியும் மேஜையைப் பார்த்தேன்.

அவர் எழுந்தார். "சேர் உங்குளுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

செல்வராணி அந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கரண்ட் போனாலும் இது எனக்குத்தானக்கா?" என்றாள்.

மறுநாள் காலை முதலாளி ரூமைத் தாண்டிப் போனேன். உள்ளே அவர் சாயப்பட்டறைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "என்னுங்க, நம்ம நேவி எந்த மட்டுல இருக்குதுங்க?" எதிர்முனையில் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். "சரிங்க. இப்ப கரண்ட் போனா அது நிக்குமுங்களா?"