அழிக்கச் சொன்ன வட்டம்

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியைக் கெடுத்தவன் என்று ஆக்லாந்து லின்ஃபீல்டில் இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். நடந்ததை என் வாயால் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிளென்ஃபீல்டிலிருந்து ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை வந்தாள். நிவாரண லொறி எங்கே வரும் என்ற செய்தி, எங்கள் ஊர்ப் போரில் இடம்பெயர்ந்த சனங்களிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அது தெரிந்தால், அடுத்த அழிவில் சாப்பாட்டைச் சரியான இடத்துக்கு அனுப்பக் கொம்பியூட்டரில் வழி செய்யலாமாம். நல்ல விசயம். இங்கே இருந்த எங்கள் ஊர்ச் சனம் எல்லாரும் அவளிடம் மனம் விட்டுக் கதைத்தார்கள். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பைத் திறந்து ஒரு படம் காட்டினாள். சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். யார் யாருக்குச் செய்தி சொன்னார் என்று கோடுகள். கோடுகள் எல்லாம் நடுவில் இருந்த பெரிய வட்டத்தில் போய் முட்டின. அதில் உங்கள் சின்னமாமாவின் பெயர். முகாம் முகாமாகச் சைக்கிளில் போய்ச் செய்தி சொன்னவர் அவர். அப்போதும் ஊரில், போருக்கு நடுவில்தான் இருந்தார்.

“இவருதாண்ணே ரொம்ப முக்கியமான ஆளு. இவரு இல்லன்னா அந்தப் பக்கம் யாருக்கும் சேதியே போயிருக்காது.”

தேத்தண்ணி கொண்டுவந்த உங்கள் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். “இஞ்சேருங்கோ, இதை ஆரும் பார்த்தா என்ர தம்பி…” என்றாள்.

யாரைப் பிடித்தால் ஒரு ஊரே பட்டினி கிடக்கும் என்று அந்தப் படம் விரல் நீட்டிக் காட்டியது.

“அந்தப் பேரை அழியுங்கோ தங்கச்சி.”

“பாஸ்வேர்ட் போட்டுருக்கேண்ணே. வேணும்னா பேருக்குப் பதிலா நம்பர் போடறேன்.”

“சைக்கிளில திரிஞ்சவன் எங்கட பக்கத்தில ஒருத்தன்தான். நம்பர் போட்டாலும் அவன் அவன்தான்.”

“ரொம்பப் பயப்படறீங்க. இது ஆக்லாந்துண்ணே.”

“ஆக்லாந்தில இருக்கிறது நான். அவன் இல்லை.”

அவள் முகம் சிவந்தது. “மத்தவங்க சொன்னத நீங்க எப்படி நிறுத்துவீங்க?”

நியாயமான கேள்வி. ஆனால் சொன்னதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வீடு சொல்லியிருந்தவளும் அவள்தான். அவனைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுக்கச் சொல்லி, அந்தச் சனி ஞாயிறு முழுக்க வீடு வீடாகப் போனேன். ஒருவர், “படிக்கிற பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுக்கிறீர். உமக்கு விசரே?” என்று கதவைச் சாத்தப் பார்த்தார்.

“உம்மட தம்பி அங்க இருந்தா சாத்துவீரோ?” என்றேன்.

அவர் போய் ஃபோனை எடுத்தார். மற்றவர்களும் அவளுக்கு ஃபோன் செய்தார்கள்.

அடுத்த கிழமை அவள் வந்து, என் கண் முன்னாலேயே அந்த வட்டத்தை அழித்தாள். கோடுகளும் போயின. ஒன்றோடொன்று ஒட்டாத புள்ளிகள்தான் மிச்சம்.

“இப்ப இதப் பாத்தா யாருக்கும் ஒண்ணும் புரியாதுண்ணே,” என்றாள் கோபமாக.

“ஓம். அப்பிடியே இருக்கட்டும்.”

தேத்தண்ணியைத் தொடாமலே போனாள். அவளுடைய பட்டம் பிந்தியது என்று பிறகு கேள்விப்பட்டேன். கவலைதான். ஆனாலும் நாளைக்கு இன்னொருவர் அப்படி ஒரு படத்தோடு வந்தால், அவரிடமும் அழிக்கத்தான் சொல்வேன். சின்னமாமா அந்த மாரி மழையிலும் முகாம் முகாமாகப் போய்க்கொண்டுதான் இருந்தார்.