மெஷின் நெற்றியில் ஒரு பொட்டு

அண்ணனூர் ரயில் பணிமனையின் சுற்றுச்சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, கேரியரில் பலகையைச் சாய்த்து, பல்லிடுக்கில் ஒரு பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டு, மின்சார ரயிலுக்கு ஜன்னல் வரைந்துகொண்டிருக்கிறார் தணிகாசலம். முருகன் பேரைச் சொல்லாமல் ஒரு கோடு இழுக்கமாட்டார். வாயில் பிரஷ் இருப்பதால் அது முருகனுக்கு மட்டுமே புரியும்.

"இன்னாய்யா பண்றே?" என்கிறார் அவ்வழியே வந்த ரயில்வே போலீஸ்காரர்.

"ரயில வரையுறேன் சார்."

"அதான் எதுத்தாப்ல நிக்குதே, அப்பால இன்னாத்துக்கு?"

"அது கெளம்பிடும் சார். இது எங்கியும் போவாது. வாங்க ஆளில்ல."

ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஷின்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரயிலும் தொழிற்சாலையும்தான் படத்தில் ஏறும். மனிதர்களை ஏன் வரைவதில்லை என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்: "கண்ணாலம் கட்டுன புதுசுல ஊட்டுக்காரிய வரைஞ்சேன். ஆடு மாரி வந்துச்சு. ரெண்டு நாளு சோத்துல உப்பே இல்ல. இன்ஜினு கோச்சிக்காது பாரு."

அவருடைய முதல் படம் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் டீக்கடையில், பாய்லருக்கு நேர் மேலே தொங்கியது. ஆவி படிந்து படிந்து மின்சார ரயில் புகைவண்டி ஆகிவிட்டது. அடுத்ததைத் தண்ணீர்க் கேன் கடைக்காரர் சுவரில் ஓதம் பிடித்த இடத்தை மறைக்க மாட்டிக்கொண்டார். "நான் ஓவியரு இல்லபா, ஓதத்துக்குத் துணி போத்துற பார்ட்டி" என்பார் தணிகாசலம். மனைவி பேபிதான் விடமாட்டாள். "இத்தினி வருசமா வரையுற. மனுசன் குந்திப் பாக்குற எடத்துல ஒண்ணே ஒண்ணு மாட்டிக் காட்டு, பாக்கலாம்." இந்த ஒரு குத்தலுக்கு மட்டும் அவர் வேடிக்கை பேசாமல் பிரஷ் கழுவப் போய்விடுவார்.

போன மாதம் அவர் கம்பெனியே புது வரவேற்பறைக்காகப் இரும்புத் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் மெஷினை வரையச் சொன்னது. மாட்டும் நாளன்று பேபி பட்டுச்சேலையில் வந்து சோபா நுனியில் உட்கார்ந்தாள். தணிகாசலம் கண்மூடிக் கும்பிட்டுவிட்டு, படத்திலிருந்த மெஷினின் நெற்றியில் சிவப்புப் பெயின்டால் பொட்டு வைத்தார். எஸ்டேட்டில் பொட்டு வைக்காமல் எந்த மெஷினையும் ஓட்டமாட்டார்கள். "பொட்டில்லாத மெஷினு கைய காவு கேக்கும்" என்பது அவர் பயம். வரைந்த மெஷினுக்கும் அதே சட்டந்தான்.

கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி ரோஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அங்கிள், படம் சூப்பரா இருக்கு. அந்தப் பொட்டு மட்டும் வேணாமே. நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. ஆயில் லீக்கான்னு கேப்பாங்க. எம்.டி. பார்த்தா மாட்டவே விடமாட்டார்."

"ஆயிலு எங்கம்மா செவப்பா லீக்காவுது?" என்று எழுந்தாள் பேபி.

"கம்முனு குந்து பேபி" என்றார் தணிகாசலம். சுவரில் அடித்துவைத்திருந்த ஆணியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஈரம் காயாத பொட்டைப் பெருவிரலால் மெல்ல வழித்தெடுத்தார்.

"மாட்டிக்கோங்கம்மா."

ஆட்கள் படத்தைத் தூக்கினார்கள். தணிகாசலம் விரலிலிருந்த சிவப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய், அது பெயின்ட் என்று நினைவு வந்து, தன் நெற்றி நடுவில் அழுத்தி இட்டுக்கொண்டார்.