யார்கிட்ட சொன்னீங்க, டாக்டரம்மா?

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட, கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு அரசு ஆபீஸ்ல நடந்த விசாரணை இது. புகார் கொடுத்தவ நான்தான். எங்க ஊர் சிதம்பரம்.

அதுக்கு முந்தின வருஷம் எனக்கு மார்புல ஒரு கட்டி வந்துச்சு. ஊர்லயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஊசி குத்தி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ரிசல்ட்டு வாங்க என் வீட்டுக்காரர் போனாரு. வெறும் கொழுப்புக் கட்டிதானாம், கரைஞ்சுடுமாம்னு ஒரு டப்பா மாத்திரையோட வந்தாரு. நானும் நிம்மதியா மகளோட நிக்காஹ் வேலையில இறங்கிட்டேன். பத்திரிகை வைக்கத் தெருத் தெருவா அலைஞ்சேன்.

கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச மாசத்துல கையத் தூக்க முடியல. பாண்டிச்சேரிக்குப் போனா, கேன்சரு, பரவிடுச்சு, ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்கங்கறாங்க. பழைய ரிப்போர்ட்டு எங்கன்னு கேட்டதுக்கு, தொலைஞ்சுடுச்சுன்னாரு என் வீட்டுக்காரர்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே, கொழுப்புக் கட்டின்னு சொன்ன அந்த ஆஸ்பத்திரிய சும்மா விடக் கூடாதுன்னு கெளம்பிட்டேன். வேணாம், நம்ம நசீபு, தலையெழுத்து, விட்டுடுன்னு அவர் கெஞ்சினாரு. டாக்டருங்களப் பகைச்சுக்கப் பயப்படறாருன்னு நெனச்சேன். என் ரிப்போர்ட்டக் காட்டுங்க, என்னை மாதிரி வேற யாராவது புகார் சொல்லியிருக்காங்களான்னு சொல்லுங்கன்னு அங்க போயி கேட்டா, கவுண்டருக்கும் மேனேஜர் ரூமுக்கும் பந்தாடினாங்க. முடி கொட்டின தலையில முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு எத்தனையோ தடவ போனேன். யாரும் வாயத் தொறக்கல. கடைசியில கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தேன். அதுக்குத்தான் இந்த விசாரணை.

அந்தச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில என்னைப் பாத்த டாக்டரம்மா வந்திருந்தாங்க. அதிகாரி கேட்டதும், "கேன்சர்னு ரிசல்ட்டு வந்த அன்னைக்கே சொல்லிட்டோம் சார். உடனே ஆபரேஷன் பண்ணணும்னும் சொன்னோம்"னாங்க.

"யார்கிட்ட சொன்னீங்க?"ன்னேன்.

அவுங்க என் பக்கத்துல உக்காந்திருந்த என் வீட்டுக்காரரப் பாத்தாங்க.

அவர் தலையத் தூக்கவே இல்ல. இவ தாங்க மாட்டா, மக கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்னு அன்னைக்குக் கேட்டுக்கிட்டாராம். டாக்டரம்மாவும் சரின்னுட்டாங்களாம். அப்புறம் சொல்ல வாய் வரலன்னு குலுங்கிக் குலுங்கி அழுதாரு. எனக்குக் கொடுத்தது வெறும் சத்து மாத்திரையாம்.

அதிகாரிக்கு நிம்மதியாப் போச்சு. அப்ப இது குடும்ப விஷயம்மா, மனுவ வாபஸ் வாங்கிக்குங்கன்னாரு. நான் எழுந்து நின்னேன்.

"உடம்பு என்னுது சார். சதை எடுக்கக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ரிசல்ட்டு மட்டும் எப்படி இன்னொருத்தர்கிட்ட போச்சு? வாபஸ் வாங்க மாட்டேன்."

நம்ம ஊர்ல வழக்கமே அப்படித்தாம்மான்னு டாக்டரம்மா மெதுவாச் சொன்னாங்க. அவுங்களும் ஒரு பொம்பளதானே, அதுதான் எனக்கு ஜாஸ்தியா வலிச்சுது.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல பக்கத்து சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. அவர் சிதம்பரம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாரு. உக்காருங்கன்னு நான் சொல்லல.

நடவடிக்கை தேவையில்லன்னு கொஞ்ச நாள்ல பதில் வந்துச்சு. மறுபடியும் மேல எழுதிப் போட்டிருக்கேன். அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் நான் இருப்பேனான்னு தெரியல.

இன்னைக்கும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறது, வாந்தி எடுத்தா கழுவிவிடறது எல்லாம் அவர்தான். என்மேல உள்ள பாசத்துலதான் மறைச்சாருன்னு எனக்கும் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும். ஆனா, பொழைச்சுக்கறதுக்கு எனக்குன்னு இருந்த அந்தக் கொஞ்ச நாள, என்னை ஒரு வார்த்தை கேக்காம ரெண்டு பேர் பேசி முடிச்சுட்டாங்களேங்கறத மட்டும் இன்னும் என்னால மன்னிக்க முடியல.