எழுபத்திரண்டு என்று எழுதிய காலை

முதலில் செருப்புதான் கழன்றது. பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இடது கால் செருப்பு விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. பின்னால் வந்த ஒரு அக்கா எடுத்துக் கொடுத்து, "நெனப்பு எங்க இருக்கு பாப்பா?" என்று சிரித்தார்.

நான் அப்போது செவிலியர் படிப்பில் நான்காம் ஆண்டு. கால் மரத்துப்போனால் என்னென்ன நோயாக இருக்கலாம் என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள். என் கால் என்று வந்ததும், புதுச் செருப்பு சரியில்லை என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் விடுதிப் படி ஏற முடியவில்லை. ஐந்தாம் நாள் சோறு பிசைய முடியவில்லை. கில்லன்-பாரே நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குவது) என்றார்கள். திருச்சியில் பதினெட்டு நாள் தீவிர சிகிச்சை. அரசுக் காப்பீட்டு அட்டை மருத்துவச் செலவைப் பார்த்துக்கொண்டது. "திரும்பி வந்துரும்மா. ஆனா மெதுவாத்தான் வரும்," என்றார் மருத்துவர்.

அடுத்த நான்கு மாதம் வரதராஜன்பேட்டையில், எங்கள் வீட்டில். அம்மா முந்திரி உடைக்கும் வேலையை விட்டுவிட்டு எனக்கு ஊட்டினாள். முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த அந்த விரல்களிலிருந்து சாப்பிட்டதுதான் என் உடம்பில் ஒட்டியது. அப்பா அரியலூர் பக்கம் டிப்பர் லாரி ஓட்டுகிறார். வேலை முடிந்து வந்ததும் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவார். "இன்னக்கி எந்த வெரலு முழிச்சிருக்கு?" என்பார். முழிக்காத விரலையும் முழித்ததாகச் சொல்லப் பழகியது அங்கேதான்.

என் கல்லூரிக் கட்டணத்தை ஓர் அறக்கட்டளை கட்டிவந்தது. நான்கு ஆண்டுக்குத்தான் உதவி என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். எங்கள் படிப்பில் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, வார்டில் இத்தனை மணி நேரம் நின்றிருக்கவும் வேண்டும். படுத்துக் கிடந்த மாதங்களுக்காகப் படிப்பு நீண்டால், அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது? கேட்கப் போனால் இருக்கிற உதவியையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, நான் கேட்கவே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிக் கல்லூரிக்குத் திரும்பி, விடுமுறை நாளிலும் வார்டில் நின்று மணிக்கணக்கை ஈடுகட்டப் பார்த்தேன்.

அந்த வார்டில் பாடாலூரிலிருந்து சரோஜா அம்மா வந்து சேர்ந்திருந்தார். சின்ன வெங்காயம் போடுகிற வீடு. அவருக்கு இதயத்துக்கான ஒரு மாத்திரை உண்டு. கொடுக்கும் முன் நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரலுக்கு ஒன்றுமே எட்டவில்லை. எழுபத்திரண்டு என்று எழுதினேன்.

"குடு தாயி, டீ ஆறிப்போவுது," என்று கையை நீட்டினார். நான் மாத்திரையை வைத்த பிறகும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வேணாம்மா, போடாதீங்க," என்று அவர் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன். சிஸ்டர் எண்ணியபோது ஐம்பத்திரண்டு.

எங்கள் ஆசிரியை ஜெயந்தி மேடம் திட்டவில்லை. "எவ்ளோ நாளா வெரல்ல உணர்ச்சி இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"நோய் வந்ததுலேர்ந்தே, மேடம்."

விரல் சரியாகும்வரை வார்டுக்குள் வரக் கூடாது என்றார். படிப்பு போய்விட்டது என்று நினைத்துத் துணி வைக்கும் அறையில் உட்கார்ந்து அழுதேன்.

மேடம்தான் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னார். தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் நோயை எழுதினேன், எழுபத்திரண்டையும் எழுதினேன். அறக்கட்டளை அலுவலகத்தில் இருந்த சார் அதை இரண்டு முறை படித்தார். "நோயால படிப்பு நீண்டா உதவியும் நீளும்மா. மருத்துவர் கடிதமும் காலேஜ் கடிதமும் போதும். இத முன்னாடியே ஏன் கேக்கல?" என்றார். என்னோடு வந்திருந்த அப்பா, "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

கட்டணம் கிடைத்தது. விடுதிச் செலவு கிடைக்கவில்லை, அதனால் தினமும் பஸ். எல்லா இடத்திலும் இப்படி நீட்டிப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயால் பின்தங்கியவர்களே, மறைக்கும் முன் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

விரல்களுக்கான இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு மேடம் என்னைத் தன்னோடு மட்டும் வார்டுக்குள் விட்டு, எனக்கென்று ஒரு முறை வைத்தார். நோயாளியின் ஒரு கையை அவர் பிடிப்பார், மறு கையை நான். ஒரு நிமிடம் எண்ணி, தனித்தனித் தாளில் எழுதி மாற்றிக்கொள்வோம். முதல் வாரம் முழுக்க என் தாளில் 'தெரியவில்லை' என்றுதான் இருந்தது. மேடம் தலையசைத்து வாங்கிக்கொள்வார்.

என் வகுப்புத் தோழிகள் பட்டம் வாங்கிய மாதத்தில் ஒரு நாள், சிறுவாச்சூரிலிருந்து வந்த ஒருவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, நான் பொழச்சிக்குவேன்ல?"

எண்ணும்போது பேசக் கூடாது. சுட்டுவிரல் இன்னும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தது. நடுவிரலுக்கடியில் மெல்லியதாக ஒன்று தட்டியது. பிறகு இன்னொன்று. ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது. தாளை மாற்றிக்கொண்டோம். இரண்டிலும் அறுபத்து நான்கு.

"நல்லா இருக்கீங்கய்யா," என்றேன். தெரிந்து சொன்னேன்.